விசைக்கும் திரைக்கும் இடையே

திருச்சுழிக்கு அப்பால் குண்டாற்றின் போக்கில் உள்ள சிற்றூர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்க அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் போய்வருகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடையாது. ஊர் வாசகசாலையில் நாளிதழ்கள், நூற்றுச் சொச்சம் புத்தகங்கள், ஒரு மடிக்கணினி ஆகியவை உண்டு. அந்த மடிக்கணினி, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவ்வூர் இளைஞர் ஒருவர் பள்ளி நாள்களில் பெற்றது. அவர் வேலைக்குப் போனபின் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டார்.

கடந்த மழைக்காலத்தில் அந்த ஊரார் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுத வேண்டியிருந்தது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக் கருவேல மரங்களால் அடைபட்டுக் கிடந்தது. வானத்தை நம்பிய கரிசல் காட்டில் கண்மாய்க்கு நீர் வராவிட்டால் அந்த ஆண்டு போச்சு. மனுவைத் தட்டச்சு செய்ய முன்வந்தவர், அருப்புக்கோட்டையில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து தமிழ் இளநிலைத் தேர்வில் வென்ற பெண். விரல் வேகம் அபாரம். ஆனால் திரையில் வந்த தமிழைப் பார்த்துவிட்டு, "சார், இது நான் அடிச்சதே இல்லை" என்றார்.

தவறு அவருடையதன்று; என்னுடையது. அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் கற்றுக்கொண்டதைச் சொல்வது, என்னைப் போல் பழைய கணினிகளை வைத்துக்கொண்டு திண்டாடுவோருக்குப் பயன்படக்கூடும்.

முதலில், ஏன் லினக்ஸ் என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத பாதுகாப்புச் சில்லு முதலியவற்றைக் கேட்கிறது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும், அல்லது விலையில்லாத, பழைய கருவியிலும் ஓடக்கூடிய லினக்ஸுக்கு மாற வேண்டும். நகரத்து நடுத்தரக் குடும்பம் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். வாசகசாலைக்கு அது இயலாது.

இனி பிழைகளுக்கு வருவோம். மனுவின் தலைப்பில் 2025 என்று இருக்கவேண்டிய இடத்தில் ௨௦௨௫ என்று வந்தது. தமிழ் எண்கள்! தமிழார்வலர் மகிழலாம், வருவாய்த்துறை மகிழாது. புல எண் 178 என்பது ௧௭௮ என்று அச்சாகி, 'கஎஅ' என்று படிக்கும்படி நின்றது. நம் பழைய எண்களில் ஒன்று ககரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்தவை. எந்தக் கண்மாய், எந்தப் புல எண் என்று யாருக்கும் விளங்காத மனுவால் என்ன பயன்?

காரணம் எளிது. லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் இந்தியா என்ற தலைப்பின் கீழ்த் தமிழுக்கு ஒன்றல்ல, பல வரிகள் உள்ளன. இன்ஸ்கிரிப்ட் என்ற ஒரே அமைப்பே, 'அரபு எண்களுடன்' என்றும் 'தமிழ் எண்களுடன்' என்றும் இரண்டு வகையாக இருக்கிறது. அரபு எண்கள் என்பது நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 தான். அது தெரியாமல், 'அரபு நமக்கு எதற்கு, தமிழ் போதும்' என்று இரண்டாவதைச் சொடுக்கியிருந்தேன். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவன் செய்த பிழை இது. வகையை மாற்றியதும் எண்கள் சரியாயின.

இரண்டாவது பிழை அவ்வளவு எளிதன்று. அந்தப் பெண் 'கெடு' என்று அடித்தால், முதலில் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டத்தின் பக்கத்தில் ஒற்றைக் கொம்பு நின்றது. அதன்பின் 'கடு' என்று வந்தது. கணினி கெட்டுவிட்டதோ என்று ஐயுற்றேன். கெட்டது எதுவுமில்லை. இரண்டு காலங்களின் பழக்கங்கள் அங்கே மோதிக்கொண்டன, அவ்வளவுதான்.

தட்டச்சுப் பொறி காகிதத்தில் இடமிருந்து வலமாக மையைப் பதிக்கும் கருவி. அதில் 'கெ' வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு ககரம். 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழின் நூற்றுக்கணக்கான வடிவங்களைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிய சாதனை இந்த உத்தியால்தான் கைகூடியது. ஆனால் இன்றைய கணினிகள் பின்பற்றும் ஒருங்குறி, எழுத்தை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ககரம் முதலில், அதற்குரிய எகரக் குறி அடுத்து. திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. கொம்பை முதலில் கொடுத்தால், 'இதற்குரிய மெய் எங்கே?' என்று கேட்பதுபோல் அந்தப் புள்ளி வட்டத்தைப் போட்டுவிடுகிறது. இன்ஸ்கிரிப்டில் ககரத்தை முதலில் அடித்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால், தேர்வுக்காக ஆயிரம் பக்கம் அடித்துப் பழகிய விரல்களிடம் அதை எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில்தான் கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் உட்கார்ந்து படிக்க நேர்ந்தது. எங்கள் பக்கத்து ஆள் எவருக்கும் கண்மாய்ப் பாசனம் தெரியும். ஆற்றிலிருந்து வரத்துக்கால், வரத்துக்காலிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், பிறகு வயல். வயலில் நீர் இல்லையென்றால் விவரம் தெரிந்தவர் வயலைத் தோண்டமாட்டார். எந்த இடம்வரை நீர் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மேலே நடப்பார். எழுத்தும் அப்படித்தான் வருகிறது. விசையை அழுத்தினால் விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அன்று. 'இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது' என்ற எண்ணை மட்டுமே. அந்த எண்ணை எந்த எழுத்தாகக் கொள்வது என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் விசைப்பலகை அட்டவணை. அதற்கு மேல், விருப்பமிருந்தால், உள்ளீட்டு முறை என்றொரு நிரல் உட்கார்ந்து, வரும் எழுத்துகளைச் சேர்த்தும் மாற்றியும் கொடுக்கும். பிறகு நாம் எழுதும் செயலி. கடைசியில் எழுத்துரு. இந்த ஐந்தில் எந்த இடத்திலும் அடைப்பு வரலாம்.

அட்டவணைக்கும் உள்ளீட்டு முறைக்கும் உள்ள வேறுபாடு தமிழுக்கு மிக முக்கியமானது. அட்டவணைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு விசைக்கு ஓர் எழுத்து. முன்னால் என்ன அடித்தோம் என்று அது திரும்பிப் பார்க்காது. உள்ளீட்டு முறைக்கு நினைவு உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் விளைவாக உருவான தமிழ்99 விசைப்பலகை, இந்த நினைவையே அடிப்படையாகக் கொண்டது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். இடக்கைப் பக்கம் உயிர்கள், வலக்கைப் பக்கம் பெரும்பாலான மெய்கள். மெய்யை அடுத்து உயிரை அடித்தால் இரண்டும் புணர்ந்து உயிர்மெய்யாகும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானாகவே புள்ளி பெறும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச என இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். இன்ஸ்கிரிப்டில் ஐந்து, அதிலும் அகரத்துக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 'தங்கம்' என்ற சொல்லுக்கு அங்கே ஆறு தட்டு, இங்கே ஐந்து. இலக்கணம் தெரிந்தவர்கள் கூடி வகுத்த அமைப்பு என்பது அடிக்கும்போதே விளங்கும்.

ஆக, தமிழ்99 முழுமையாக வேலை செய்ய உள்ளீட்டு முறை வேண்டும். லினக்ஸின் அட்டவணைப் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒரு வரி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் 'புள்ளி தானாக வரவில்லையே' என்று பலர் குறைப்படுகிறார்கள். நானும் ஒரு வாரத்தை அதிலேயே தொலைத்தேன். வேண்டியது அதுவன்று. ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சட்டகத்தையும், அதனோடு இணையும் எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். அந்தத் தொகுப்பில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறை எல்லாம் இருக்கின்றன. பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. நிறுவியபின் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் பட்டியலில் அவை தோன்றும். இந்தக் கடைசி வரி தெரியாமல், நிறுவிய தொகுப்பையே நீக்கி நீக்கி மறுபடி நிறுவினேன்.

தமிழ்99 வந்தபின் எழுந்த ஒரு புகாரையும் சொல்ல வேண்டும். 'மமதை' என்று அடித்தால் 'ம்மதை' என்று வருகிறது என்றார் ஒரு மாணவர். அது பிழையன்று, விதி. இரண்டு மகரங்களுக்கு நடுவே அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது.

அடுத்த தொல்லை, மாற்றிய அமைப்பு நிலைக்காமல் போனது. ஞாயிறு மாலை சரியாக இருந்த விசைப்பலகை, மறுநாள் காலையில் கணினியைத் திறந்ததும் பழையபடி ஆகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். லினக்ஸில் விசைப்பலகையை முடிவு செய்யும் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. நம் நிர்வாகத்தைப் போலவே. கணினி முழுமைக்குமான கோப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் மேசைத்தளத்தின் அமைப்புகள் தனியே இருக்கின்றன. ஐபஸ் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறது. இவை போதாதென்று, கட்டளை வரியில் மாற்றினால் அது அந்த அமர்வுக்கு மட்டுமே செல்லும். கணினியை அணைத்தால் மறைந்துவிடும். நான் செய்தது இந்தக் கடைசி வழியைத்தான். எடை குறைந்த கணினிகளில் பலரும் வைத்திருக்கும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில், விசைப்பலகை அமைப்பில் 'கணினியின் இயல்பு அமைப்பைப் பயன்படுத்து' என்ற கட்டத்தில் குறி இருக்கும்வரை, கீழே எதைச் சேர்க்கவும் முடியாது. அந்தக் குறியை எடுத்துவிட்டு அட்டவணையில் ஆங்கிலத்தை மட்டும் வைத்து, தமிழுக்கான பொறுப்பு முழுவதையும் ஐபஸிடம் ஒப்படைத்தபின் சண்டை ஓய்ந்தது. ஐபஸின் மேம்பட்ட அமைப்புகளில் 'கணினியின் விசைப்பலகை அமைப்பையே பயன்படுத்து' என்ற வரியைக் குறித்துவிடுவதும் நல்லது.

இன்னும் சில சில்லறைச் சிக்கல்கள். மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பதில் மேற்கோள் குறி வந்தால், ஆங்கிலம் பிரிட்டன் வகையில் இருக்கிறது என்று பொருள். இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க வகை. அதையோ, ரூபாய்க் குறி உள்ள இந்திய ஆங்கில வகையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னதில் வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ₹ வரும். ஆர்வத்தில் ஆங்கிலத்தை அடியோடு நீக்கித் தமிழ் அட்டவணையை மட்டும் வைத்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருப்பீர்கள். உள்நுழைவுத் திரையில் தமிழ் விழும். அதுவும் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் என்ன விழுகிறது என்றே தெரியாது. எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் போன்ற எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்தது. பழைய கோப்பு ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது. விசைப்பலகையோடு அதற்குத் தொடர்பில்லை, ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண உரைத்திருத்தியில் தமிழ் வந்து, லிப்ரே ஆபீஸில் மட்டும் வராவிட்டால், அடைப்பு செயலிக்கும் ஐபஸுக்கும் நடுவே இருக்கிறது. மறு உள்நுழைவிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் பிழைகளைவிட, தெரியாத பிழை ஆபத்தானது. 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறி என்பது ஒருங்குறியில் ஒரே எழுத்துக்குறி. ஆனால் தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்கள் அதை ஒற்றைக் கொம்பு, பிறகு ளகரம் என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் 'கெளரி' என்று, கிட்டத்தட்ட அதே போலத்தான் தெரிகிறது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒருவரே. தேடும் கணினிக்கு இருவர். பட்டாவிலும், குடும்ப அட்டையிலும், வங்கிக் கணக்கிலும் இப்படி வேறு வேறாகப் பதிவானால், அந்தப் பெண்மணி பயிர்க் காப்பீட்டுக்கோ நிவாரணத்துக்கோ அலையும் அலைச்சலுக்குக் கணக்கு எழுதுவது யார்? விசைப்பலகை அமைப்பு என்பது கணினி ஆர்வலர்களின் சில்லறை விவகாரம் என்று நினைத்திருந்த என் எண்ணத்தை மாற்றியது இந்த ஒரு பெயர்தான்.

பொருளியல் மாணவர்களுக்கு விசைப்பலகை புதிய பாடமன்று. 1870களில் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியோடு சந்தைக்கு வந்த குவெர்ட்டி அமைப்பு இன்றளவும் நம் விரலடியில் இருப்பது ஏன் என்று, பால் டேவிட் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் தற்செயலாக நேர்ந்த ஒரு தேர்வு, பயிற்சி பெற்றவர்களும் கருவிகளும் பெருகப் பெருக மாற்ற முடியாததாக உறைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். 1990-இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் அதை மறுத்தனர். குவெர்ட்டியைவிட மேலானது என்று சொல்லப்பட்ட டுவோராக் அமைப்பின் மேன்மைக்குச் சான்று வலுவாக இல்லை. மாற்றம் உண்மையில் லாபமென்றால் சந்தை மாறியிருக்கும் என்றனர். வகுப்பில் இரு தரப்பையும் சொல்லி, முடிவை மாணவரிடம் விட்டுவிடுவேன்.

தமிழின் நிலை இந்த இரண்டிலும் அடங்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு பழைய அமைப்பில் சிக்கிக்கொண்டோமா என்பது கேள்வி. நமக்கு ஒரே காலத்தில் பல அமைப்புகளில் சிதறிக் கிடக்கிறோம் என்பது கேள்வி. மத்திய அரசின் தரம் இன்ஸ்கிரிப்ட். மாநில அரசின் தரம் தமிழ்99. தட்டச்சுத் தேர்வு பழைய பொறியின் முறையில். கைப்பேசியில் இளைஞர்கள் அடிப்பது ஆங்கில எழுத்தொலி. அச்சகத்துக்குப் போனால் பாமினி. 2010-இல் ஒருங்குறியையும், அனைத்து எழுத்துருத் தமிழ்க் குறியீடு எனப்படும் டேஸ்16-ஐயும் அரசு ஏற்றதன் மூலம் குறியீட்டுக் குழப்பம் ஓரளவு தீர்ந்தது. விரல்களின் குழப்பம் தீரவில்லை. அதன் சுமையைத் தாங்குகிறவர், தட்டச்சுப் பயிலகத்துக்குக் கட்டணமும் பேருந்துக்குக் காசும் கொடுத்து ஒரு திறனை வாங்கி, அது அலுவலகக் கணினியின் முன் செல்லுபடியாகவில்லை என்று தெரிந்துகொள்ளும் கிராமத்துப் பெண்தான்.

கேரளத்தில் அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. அம்மாநிலத்தின் கைட் அமைப்பு, பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் பதிப்பு ஒன்றைத் தயாரித்துத் தருகிறது. மலையாள விசைப்பலகை அதில் முன்கூட்டியே அமைந்திருக்கிறது. எந்த அமைப்பு சிறந்தது என்ற விவாதத்தைவிட, பள்ளியிலேயே ஓர் அமைப்பைக் கையில் கொடுத்துவிடுவது பயனுள்ளது என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். நம்மிடம் இலக்கணத்துக்கு இசைந்த தமிழ்99 இருக்கிறது. கால் நூற்றாண்டு ஆகியும் அது பாடநூலுக்குள்ளும் தட்டச்சுத் தேர்வுக்குள்ளும் உரிய இடத்தைப் பெறவில்லை. தேர்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கணினியில் தமிழ்99 முறையில் எழுதவும் ஒரு வாய்ப்புத் தந்து, அதையும் அரசுப் பணிக்குரிய தகுதியாக ஏற்கச் செய்தால், பயிலகங்கள் தாமாகவே மாறும். பழைய முறையில் தேறியவர்களைக் கைவிட வேண்டியதில்லை; மாறுவதற்கான செலவை அவர்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்பதே என் கருத்து. அரசு வாங்கும் ஒவ்வொரு கணினியிலும், அது விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும், தமிழ்99 முன்கூட்டியே அமைந்து வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

வாசகசாலைக் கணினியில் இப்போது மூன்று அமைப்புகள் இருக்கின்றன. ஆங்கிலம் முதலில், அடுத்து தட்டச்சு முறை, மூன்றாவது தமிழ்99. உயர்நிலைத் தேர்வு முடியும்வரை தட்டச்சு முறையை விடமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்; அவர் சொல்வது நியாயம். சின்னப் பிள்ளைகள் தமிழ்99 பழகுகிறார்கள். விசைகளின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மனுவை அவரே மறுபடி அடித்தார். தேதியும் புல எண்களும் எல்லோருக்கும் புரிகிற எண்களில் இருந்தன. கையெழுத்திட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, இரண்டு இடங்களில் கொம்பும் ளகரமுமாக இருந்ததைத் திருத்தினோம். அடுத்த திங்கள்கிழமை, விருதுநகரில் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வரத்துக்காலில் பொக்லைன் இறங்குவதற்காக ஊர் காத்திருக்கிறது.